தம் கட்டாதே: ஹேவ்லாக் கடலடியில் ஆறு நாள்

முதல் நாள்: தூத்துக்குடியிலிருந்து ஹேவ்லாக்

வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எவ்வளவு நேரம் தம் கட்டுவாய்?"

சங்கு குளித்தே எங்களை வளர்த்தவர் அவர். இடது காது முப்பது வயதிலேயே போய்விட்டது. எழுபத்து மூன்று வயதிலும் கடலைப் பற்றிப் பேச்சு வந்தால் நெஞ்சை விரித்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எண்ணு என்று பேரனுக்குச் சைகை காட்டுவார். அவரைப் பொறுத்தவரை கடலுக்குள் போவது என்றால் தம் கட்டுவதுதான். நான் கற்றுக்கொள்ளப் போவதோ காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் ஸ்கூபாவை, அதாவது தம் கட்டாமல் இருப்பதை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அந்த ஊருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக்கும் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. ஆனால் டிக்கெட் கொடுப்பவர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோர் வாயிலும் பழைய பெயர்கள்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். கப்பலில் இன்னும் இரண்டு மணி நேரம். பிப்ரவரிக் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்பு வேறொரு கடற்கரை ஊரில், சுற்றுலா வருபவர்களை அரை மணி நேரம் கடலுக்குள் இறக்கிக் காட்டும் ஓர் இடத்தில் பணம் கட்டி இறங்கினேன். கரையில் பத்து நிமிடப் பேச்சு. வாயில் இதைக் கடித்துக்கொள்ளுங்கள், கட்டை விரலை உயர்த்தினால் மேலே கூட்டிப் போவோம், அவ்வளவுதான். ஐந்து மீட்டர் ஆழத்தில் திடீரென்று காற்று போதவில்லை. இழுத்தேன், இன்னும் இழுத்தேன். உள்ளே போக இடமே இல்லாததுபோல் இருந்தது. கூட வந்தவரின் கையை உதறிவிட்டு மேலே பாய்ந்தேன். சிலிண்டரில் முக்கால் பங்கு காற்று மீதி இருந்ததாகப் பிறகு மானியைக் காட்டினார்கள். நான் நம்பவில்லை. அன்று நடந்ததை அப்பாவிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

இந்த முறை முறையாகக் கற்றுக்கொள்வது என்று நான்கு நாள் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். பயிற்றுநருக்கு இருபத்தாறு வயதிருக்கும். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து போர்ட் பிளேருக்கு வந்துவிட்ட குடும்பம். என்னைப் பார்த்ததும் "அக்கா" என்றார். அப்போதே நெஞ்சு பாதி லேசானது. என்னோடு கற்றுக்கொள்ள இன்னொருவர், புனேயில் வேலை பார்க்கும் இளைஞர். முதல் வேலையாக மருத்துவக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். ஆஸ்துமா, இதயம், காது, வலிப்பு என்று நீண்ட பட்டியல். இதில் ஒரு பொய்கூடச் சொல்லக்கூடாது என்று பயிற்றுநர் தம்பி அழுத்திச் சொன்னார்.

பழைய கதையை அவரிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "அன்றைக்கு உங்களுக்குக் காற்று குறையவில்லை அக்கா. உள்ளே இருந்ததை நீங்கள் வெளியே விடவில்லை."

இதை எழுதும்போதும் அந்த வாக்கியம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள்: நீமோ ரீஃப், கரையோரம்

இங்கே காலை ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடுகிறது, மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால் கிழக்கோரத்துத் தீவுக்கு இந்தக் கணக்கு. ஆறரை மணிக்குத் தண்ணீரில் நின்றோம். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். இரண்டும் எனக்குச் சிரமமில்லை.

சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளும். அதற்குள் காற்றை 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். வெளியே திறந்துவிட்டால் 2,200 லிட்டர். ஒரு சின்னக் குளியலறை அளவு காற்றை முதுகில் கட்டிக்கொண்டு போவதாகக் கணக்கு. அதை அப்படியே வாய்க்குள் விட்டால் நுரையீரல் தாங்காது. நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் குறைத்து, நாம் இழுக்கும்போது மட்டும் கொடுப்பது ரெகுலேட்டரின் வேலை. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து உருவாக்கிய கருவியின் வழியில் வந்தது இது. அதற்கு முன்பு கடலடியில் மனிதன் நடமாட வேண்டுமென்றால் பெரும்பாலும் மேலிருந்து வரும் குழாயை நம்ப வேண்டும், இல்லையென்றால் அப்பாவைப் போலத் தம்மை நம்ப வேண்டும்.

இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டேன். முதல் மூச்சை உடம்பு எடுக்க மறுத்தது. வாயில் காற்று வருகிறது என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு முன்னால் தண்ணீர், காதுக்குள் தண்ணீர். தொண்டை தானாகப் பூட்டிக்கொண்டது. பிறக்கும்போதே நம்மோடு வந்த பூட்டு அது, நம்மைக் காப்பாற்றுவதற்காகவே இருப்பது. தம்பி எதிரே மண்டியிட்டு, தன் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக முன்னே நகர்த்தினார். விடு. விட்டேன். குமிழிகள் காதோரமாகக் குலவையிட்டுக்கொண்டு மேலே போயின. விட்டுவிட்டதால் அடுத்த மூச்சு தானாக உள்ளே வந்தது. வறண்ட, குளிர்ந்த, வாசனையே இல்லாத காற்று.

அரை மணி நேரத்தில் இரண்டு மீட்டர் ஆழத்து மணலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகுதான் மாஸ்க் பயிற்சி வந்தது.

கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடிதான் மாஸ்க். அதற்குள் தண்ணீர் புகுந்தால் அதன் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊத வேண்டும். தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். பாதியளவு தண்ணீரோடு இதைச் செய்துவிட்டேன். அடுத்தது மாஸ்க்கை முழுவதும் கழற்றி, ஒரு நிமிடம் அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருந்து, திரும்ப மாட்ட வேண்டும். கழற்றினேன். உப்புத் தண்ணீர் மூக்குத் துளைகளில் ஏறியது. பழைய கை பிடரியைப் பிடித்தது போல இருந்தது. இழுத்தேன், இன்னும் இழுத்தேன், அவ்வளவுதான். காலை மணலில் உதைத்து மேலே வந்து நின்று இருமினேன்.

தம்பி கூடவே மேலே வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "மேலே வரும்போது மூச்சு விட்டீர்களா?"

"இல்லை."

அவர் முகம் மாறிவிட்டது. அதுவரை சிரித்துக்கொண்டே பேசியவர். "இரண்டு மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள் அக்கா. நெஞ்சு நிறையக் காற்றோடு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழிய வாய்ப்பு இருக்கிறது. பயந்தால் பரவாயில்லை, மேலே வந்தாலும் பரவாயில்லை. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மட்டும் வராதீர்கள்."

பிறகு அவர் செய்ததை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆழத்துக்கே போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் மாஸ்க் இல்லாமல் முகத்தை மட்டும் உள்ளே வைக்கச் சொன்னார். வாயில் ரெகுலேட்டர், மூக்கு திறந்தபடி. வாயால் இழு, மூக்கால் விடு. மூக்கு வழியாகக் காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்வரை தண்ணீர் உள்ளே வராது. பத்து மூச்சு, பிறகு நிமிர். பிறகு இருபது. பக்கத்தில் நின்றுகொண்டு என் தோளில் ஒரு விரலை மட்டும் வைத்திருந்தார். இருபது நிமிடம் இது ஒன்றுதான். புனே இளைஞர் முகம் சுளிக்காமல் காத்திருந்தார். முகத்தைச் சுற்றித் தண்ணீர் இருப்பது வேறு, மூச்சு நின்றுபோவது வேறு என்பதை என் உடம்பு அந்த இருபது நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துக்கொண்டது.

கழற்றி மாட்டும் பயிற்சியை இன்று திரும்பச் செய்யவில்லை. நாளைக்கு.

மூன்றாம் நாள்: தென்னை நிழலில் ஒரு பலகை

காலையில் பாடம். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பாயில் விதி, 1662இல் வெளிவந்தது. அழுத்தம் கூடினால் வாயு சுருங்கும், குறைந்தால் விரியும். கடல்மட்டத்தில் ஒரு மடங்கு அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு.

பலகையில் தம்பி ஒரு பலூனை வரைந்தார். மேலே ஊதிக் கட்டிய பலூனை 10 மீட்டருக்குக் கொண்டுபோனால் பாதியாகச் சுருங்கும். திரும்ப மேலே கொண்டுவந்தால் பழைய அளவுக்கு வரும், அதற்கு மேல் விரியாது. அதுதான் அப்பாவின் நுரையீரல். தோணியில் இருக்கும்போது இழுத்த ஒரே மூச்சு. பிறகு 10 மீட்டர் ஆழத்தில் வைத்தே ஊதிக் கட்டிய ஒரு பலூனை வரைந்தார். அதை மேலே கொண்டுவந்தால் இரண்டு மடங்காகும். கட்டவிழ்க்காவிட்டால் வெடிக்கும். அது என் நுரையீரல். சிலிண்டர்க் காற்றை நான் இழுப்பது அந்த ஆழத்து அழுத்தத்தில்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரே கடல்தான். ஆனால் அப்பாவைக் காப்பாற்றிய பழக்கம் என்னைக் கொன்றுவிடும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் கடலுக்குள் முங்கி விளையாடும்போது கரையில் நிற்பவர்கள் "தம் கட்டு, தம் கட்டு" என்று கத்துவார்கள். அந்தக் குரல் எனக்குள் இருக்கிறது. தண்ணீர் தலைக்கு மேல் ஏறியதும் அது தானாகக் கேட்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஐந்து மீட்டர் ஆழத்தில் நான் அதற்குத்தான் கீழ்ப்படிந்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெளிவானது. மூச்சு முட்டுகிறது என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. உடம்புக்குள் கரியமில வாயு சேர்வதைத்தான் மூளை உணர்ந்து "மூச்சு விடு" என்று நெருக்குகிறது. பயந்தவர் சின்னச் சின்னதாக, வேகமாக மூச்சு விடுவார். வாய், தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றில் மட்டும் நின்று திரும்பும் காற்று ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் இருக்கும். அது நுரையீரலின் அடிவரை போவதே இல்லை. சின்ன மூச்சாக இருந்தால் அதில் பெரும்பகுதி இப்படி வீணாகிவிடுகிறது. உள்ளே கரியமில வாயு தேங்குகிறது. தேங்கத் தேங்க மூச்சு இன்னும் முட்டுகிறது. முட்டுவதால் பயம் கூடுகிறது. பயத்தால் மூச்சு இன்னும் சின்னதாகிறது. முக்கால் சிலிண்டர் காற்றை முதுகில் வைத்துக்கொண்டே நான் மூச்சுத் திணறிய கதை இதுதான். மானி அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.

இதற்கு மருந்து ஒன்றுதான்: முழுவதும் வெளியே விடுவது. இழுப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதை உடம்பு பார்த்துக்கொள்ளும். நான்கு எண்ணிக்கை இழுத்தால் ஆறு, எட்டு எண்ணிக்கைக்கு விட வேண்டும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும். நாடியில் விரல் வைத்துப் பார்த்தேன், உண்மையாகவே தெரிகிறது. இழுக்கும்போது துடிப்பு நெருங்குகிறது, விடும்போது விலகுகிறது.

எங்கள் தெருவில் யோகா சொல்லிக்கொடுக்கும் டீச்சர் பூரகம், கும்பகம், ரேசகம் என்று மூன்றையும் பழக்குவார். உள்ளிழுத்தல், நிறுத்தல், வெளிவிடுதல். கடலடிக்கு இதில் பூரகமும் ரேசகமும் மட்டும் வேண்டும். கும்பகத்தைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். காற்றை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் நிறுத்தி வைப்பவர்களும் உண்டாம். கரியமில வாயு சேர்ந்து மேலே வந்ததும் தலை பிளக்கும் என்று தம்பி எச்சரித்தார்.

மதியம் திரும்பவும் இரண்டு மீட்டர் மணல். மாஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பு மூன்று மூச்சு. மூன்றையும் கடைசிச் சொட்டுவரை விட்டேன். கழற்றினேன். மூக்கில் தண்ணீர் ஏறியது. பழைய கை வந்து பிடரியைத் தொட்டது. நான் மூச்சை விட்டுக்கொண்டே இருந்தேன். கை பிடிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன், உப்பு எரிந்தது, எதிரே தம்பியின் உருவம் கலங்கலாகத் தெரிந்தது. விரல்களால் எண்ணிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டு ஊதித் தண்ணீரை வெளியேற்றிய பிறகு அவர் முகம் தெளிந்தபோது, மாஸ்க்குக்குள் அழுதுகொண்டிருந்தேன். அதையும் ஊதி வெளியேற்றினேன்.

நான்காம் நாள்: லைட்ஹவுஸ், 12 மீட்டர்

டுங்கி என்று இங்கே சொல்லும் மரப்படகில் போனோம். படகின் இரைச்சலில் பேச முடியாது. பேசாமலிருந்தது நல்லதாகப் போயிற்று. குதிப்பதற்கு முன்பு ஐந்து நிமிடம் மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். குதித்த பிறகும் உடனே இறங்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மிதந்தோம். இந்த ஒரு நிமிடத்தை அவசரப்பட்டு விடுபவர்கள்தான் கீழே போய்த் திணறுகிறார்கள் என்று தம்பி சொல்கிறார். உபகரணத்தைச் சுமந்து, படகில் தடுமாறி, குதித்து ஏற்பட்ட மேல்மூச்சோடு கீழே போகக்கூடாது. மேலேயே அதைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்கினோம். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமப்படுத்த வேண்டும். வலித்தால் நிற்க வேண்டும், கொஞ்சம் மேலே ஏற வேண்டும், மீண்டும் முயல வேண்டும். இதற்கெல்லாம் எனக்கு நேரம் இருந்தது, காற்று இருந்தது. ஒரே மூச்சில் அடியைத் தொட்டுச் சங்கை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியவருக்கு எங்கே நிற்க நேரம்? ஏழு மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் இடது காதை நினைத்தேன்.

கீழே போனதும் எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தில் ஐஸுக்கு நடுவே பார்த்தவை எல்லாம் உயிரோடு எதிரே வந்தன. சங்கரா கூட்டமாக நின்றது. களவா ஒன்று பொந்துக்குள்ளிருந்து கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்தது. அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடியது. கடிக்கப் போகிறது என்று நினைத்தேன். அதுவும் மூச்சுதான் விடுகிறதாம், செவுள்களுக்குள் தண்ணீரை இப்படித்தான் தள்ளுமாம்.

முதல் முங்கல் 27 நிமிடத்தில் முடிந்துவிட்டது. என் மானி 50 பாரைத் தொட்டுவிட்டது, அதற்குக் கீழே போகவிடக் கூடாது. தம்பியின் மானியில் 120. படகில் கணக்குப் போட்டோம். மேலே சாதாரணமாக நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று செலவழிப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் செலவழிப்பார், 20 மீட்டரில் 60. ஒவ்வொரு மூச்சிலும் அடர்த்தியான காற்று உள்ளே போகிறது அல்லவா? அதன்மேல் பதற்றமும் சேர்ந்தால் 20 என்பது 35 ஆகும். என் கணக்கு அப்படித்தான் வந்தது. பயம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மானிக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் முங்கலில் கை வீசுவதை நிறுத்தச் சொன்னார். மேலே ஏறுவது போலிருந்தால் கையால் தண்ணீரைத் தள்ளுகிறேன், இறங்குவது போலிருந்தால் காலை உதறுகிறேன். எல்லாம் வீண் வேலை, எல்லாவற்றுக்கும் காற்று செலவு. ஒரு லிட்டர் காற்று கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கிவிடும். ஆகவே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நுரையீரலே போதும்.

முதலில் நம்பிக்கை வரவில்லை. மணலுக்கு ஒரு முழம் மேலே, கையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விடத் தொடங்கிய பிறகுதான் உடம்பு மெல்ல மேலே எழுந்தது. நுரையீரலுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு மூன்று நொடி தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதம் பிடிபட்டதும் வேறு உலகம். எதிரே பாறை வந்தால் நிறைவாக ஒரு மூச்சு இழுத்தேன், உடம்பு தானாக எழும்பி அதைக் கடந்தது. விட்டேன், அந்தப் பக்கம் இறங்கியது. என் நெஞ்சு அசைவதும் நான் கடலில் அசைவதும் ஒன்றாகிவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. என் குமிழிகள் ஓயும் இடைவெளியில், கறுக், கறுக் என்று. தேங்காய்ச் சில்லைக் கடிப்பது மாதிரி. நீலமும் பச்சையுமாக ஒரு கிளி மீன் செத்த பவளப்பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. பல் பதிந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடுகள். நான் அதன் அருகில் இரண்டடி தூரத்தில் கிடந்தேன். அது கடித்தது, நகர்ந்தது, பின்பக்கமாக மணலைத் தூவியது, திரும்பக் கடித்தது. எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. நெடுநேரம்.

ஐந்தாம் நாள்: சுவர்ப்பாறை, 18 மீட்டர்

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா என்று புனே இளைஞரிடம் கேட்டேன். எழுதுங்கள், யாருக்காவது உதவும் என்றார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் 'வால்' என்று சொல்லும் இடம். பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, ஒரு பக்கம் சுவராகச் செங்குத்தாக இறங்குகிறது, அந்தப் பக்கம் வெறும் நீலம். எங்கள் படிப்புக்கு 18 மீட்டர்தான் எல்லை. கொஞ்சம் நீவாடு இருந்தது. ஊரில் நீரோட்டத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. சுவரின் விளிம்பைத் தாண்டியதும் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனது. என் அடிவயிறும் ஒரு முறை புரண்டது.

பக்கத்தில் வந்த புனே இளைஞரைத் திரும்பிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டவை அவருடைய குமிழிகள். அதுவரை கொத்துக் கொத்தாக, இடைவெளி விட்டுப் போய்க்கொண்டிருந்தவை இப்போது இடைவெளியே இல்லாமல், கொதிக்கும் உலைபோல ஒரே கம்பியாக மேலே போயின. கிடையாக நீந்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துவிட்டார். சைக்கிள் மிதிப்பதுபோல் கால்கள் ஓடின. மாஸ்க்குக்குள் கண்கள் விரிந்து வெள்ளை தெரிந்தது. ஒரு கை ரெகுலேட்டரை நோக்கிப் போனது. மூச்சு முட்டுபவர்கள் வாயிலிருப்பதைப் பிடுங்கி எறிவார்கள் என்று முன்பே பாடத்தில் சொல்லியிருந்தார்கள்.

தம்பி ஒரே உதையில் அவரிடம் போய்விட்டார். வலது கையால் ரெகுலேட்டரை அவர் வாயோடு சேர்த்துப் பிடித்தார், இடது கையால் தோள்வாரைப் பிடித்தார். முகத்துக்கு நேர் முகம். பிறகு என்ன செய்தார் என்றால், மூச்சு விட்டார். அவ்வளவுதான். தன் குமிழிகளைப் பெரிதாக, நீளமாக, எதிரே இருப்பவர் பார்க்கும்படி விட்டார். தோளைப் பிடித்த கையை அதற்கேற்ப மெல்ல அழுத்தி விட்டார். மேலே இழுத்துக்கொண்டு ஓடவில்லை. சுவரின் ஓரமாக நகர்த்திப் பாறையைக் கண்ணில் காட்டினார். தரை தெரிந்தால் மனம் நிற்கும் போலிருக்கிறது.

அந்த ஒரு நிமிடத்தில் என் நெஞ்சுக்குள்ளும் பழையது எழுந்தது. பயம் தண்ணீரில் வெகு வேகமாகப் பரவுகிறது. என் மூச்சு சின்னதாவதை நான் கவனித்தேன். உயிரில்லாத பாறை நுனி ஒன்றை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். விட்டேன். விட்டு முடிந்தது என்று தோன்றிய பிறகும் கொஞ்சம் இருந்தது, அதையும் விட்டேன். திரும்ப இழுக்கும்போது வயிறுவரை காற்று போனது. நான்காவது மூச்சில் கை நடுக்கம் நின்றுவிட்டது. நான் தைரியமாக இருக்க முயலவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். தைரியத்தை நினைக்க அங்கே நேரம் இல்லை. விடுவது ஒன்றுதான் கையிலிருந்த வேலை.

இளைஞரின் குமிழிகளில் முதல் இடைவெளி விழுந்ததைப் பார்த்தேன். பிறகு இன்னொன்று. தம்பி கட்டை விரலை உயர்த்தினார், மூவரும் மெதுவாக ஏறினோம், எங்கள் சின்னக் குமிழிகளைவிட வேகமாகப் போகாமல். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் கொஞ்சம் வெளியேறட்டும் என்பதற்காக வழக்கமாக நிற்பது. அந்த மூன்று நிமிடமும் தம்பி அவர் கையை விடவில்லை.

படகில் சூடான தேநீர் கொடுத்தார்கள். இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார். தம்பி அதை ஏற்கவே இல்லை. எந்த முங்கலையும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு, கூட இருப்பவர் எதுவும் கேட்கக்கூடாது, இதுதான் கடலடிக்குப் போகிறவர்களின் வழக்கம் என்றார். இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு நான் மேலே வந்தபோது "பணம் வீணாகிவிட்டதே" என்றுதான் சொன்னார்கள்.

கடைசி முங்கல் எட்டிலிருந்து பன்னிரண்டு மீட்டர் ஆழத்துப் பாரில். இளைஞரும் இறங்கினார், தம்பியின் வலப்பக்கமாக. ஒன்றும் நடக்கவில்லை. பேய்க்கணவாய் ஒன்று நிறம் மாறிக் கல்லோடு கல்லாக ஆனதைப் பார்த்தோம். 42 நிமிடம். மேலே வந்தபோது என் மானியில் 60 பார் மீதி இருந்தது.

ஆறாம் நாள்: கரையில்

இன்றைக்குக் கடலுக்குள் போகக்கூடாது. நாளைக் காலை விமானம். பல முறை முங்கியவர் கடைசி முங்கலுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரமாவது பறக்கக்கூடாது. மீதி நைட்ரஜன் வெளியேற வேண்டும். ராதாநகர் கடற்கரைக்கு பஸ்ஸில் போய்வந்தேன். மணல் மாவுபோல இருக்கிறது. சூரியன் கடலில் விழுவதைப் பார்க்கக் கூட்டம். எனக்கு மனம் தண்ணீருக்கு அடியிலேயே இருந்தது.

இரவு அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

"எவ்வளவு நேரம் இருந்தாய்?"

"42 நிமிடம் அப்பா."

அந்தப் பக்கம் அமைதி. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் யாரும் தாக்குப்பிடித்துப் பார்த்திராதவர். "நான் தம் கட்டவே இல்லை, விட்டுக்கொண்டே இருந்தேன்" என்றேன். பலூன் கணக்கைச் சொன்னேன். முன்பு ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து அலறிக்கொண்டு மேலே வந்ததையும் சொல்லிவிட்டேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "கீழே சத்தம் கேட்டதா?" என்றார்.

"கேட்டது. கிளி மீன் பாறையைக் கடிக்கும் சத்தம்."

"எனக்கும் கேட்டிருக்கிறது. ஒரு நொடி, இரண்டு நொடி. நின்று கேட்க எங்கே முடிந்தது?" பிறகு ஃபோனை வலது காதோடு அழுத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. "எப்படி இருந்தது? மெதுவாகச் சொல்."

சொன்னேன். கறுக் என்று கடிக்கும், நகரும், மணலைத் தூவும், கொஞ்சம் சும்மா இருக்கும், திரும்பக் கடிக்கும்.

"அப்புறம்?" என்றார்.